அஞ்சாவது பொத்தான் லைட்டு

அடுத்தவன் கைவச்ச வயரிங்க அவுக்குறது, யாரோ போட்ட சண்டைக்கு நாம பஞ்சாயத்து பேசப் போற மாதிரி. டெஸ்டரும் கையுமா அலையுற பங்காளிகளுக்கு நான் சொல்லவா வேணும்?

இட்லி கேட்ட லைனு

ராமேஸ்வரத்துல ஒரு லாட்ஜு. முதலாளி கருப்பையா அண்ணாச்சிக்கு முதுகுளத்தூர் பக்கம் வெவசாயக் குடும்பம். மேசையில அந்தக் காலத்துப் போன் ஒண்ணு, கருங்கல்லு கனம். அஞ்சு லைனுக்கு அஞ்சு பொத்தான். எந்த லைன்ல யாரு போனை எடுத்தாலும் அந்தப் பொத்தானுக்குள்ள குட்டி லைட்டு எரியும். என்ன அண்ணாச்சி கோளாறுன்னு கேட்டேன். இருமிக்கிட்டே சொன்னாரு: "ரூமு கேட்டு யாத்திரைக்காரன் கூப்புட்டா, நம்ம சமையக்கட்டு ஆளு குறுக்க வந்து 'எத்தன இட்லி'ங்கிறான்யா."

நான் பாத்த சுத்தபத்தமான வேலை

வயரு பொட்டியத் தொறந்தா உள்ள குருவிக்கூடு. உப்புக்காத்துல செம்பெல்லாம் பச்சை பூத்துக் கெடக்கு. எவனோ மீன்புடிக்கிற நரம்பை வச்சு வயரைக் கட்டியிருக்கான். அதுல ஒரு மஞ்ச வயரு மட்டும் பொட்டிக்கு வெளிய போயி, செவுத்து ஓட்டை வழியா அங்கிட்டுப் போகுது. எதுக்குன்னு தெரியல. தெரியாத வயரைக் கண்டா நமக்குக் கை நிக்குமா? வெட்டி, அந்தப் பக்கமா தள்ளிவிட்டுட்டேன். அண்ணாச்சி பொழங்குற நாலு லைனும் கணீர்னு பேசுச்சு.

மறுநா காலையில பக்கத்து ஊரு அக்காள்மடத்துல என் வீட்டு வாசல்ல அண்ணாச்சி நிக்கிறாரு. அஞ்சாவது லைட்டு எரியலையாம். அந்த லைனுதான் பாகம் பிரிச்சப்பவே தம்பிக்குப் போயிருச்சே, ஒங்களுக்கு என்னத்துக்கு எரியணும்னேன். லாட்ஜுக்கு நடுவுல செவுரு வச்சு ஏழு வருசம், அண்ணனுக்கும் தம்பிக்கும் பேச்சு கெடையாது. என் வாசக்கதவு பெயிண்ட்டை நகத்தால சொரண்டிக்கிட்டே சொன்னாரு: "அவன் போனை எடுத்தா எனக்கு எரியும். வயரைப் பிரிக்க மறந்துட்டாக போல. அவனுக்குத் தெரியாது, சொல்லிறாத."

செவுத்துக்கு அங்கிட்டு

வெட்டுன முனை தம்பி பக்கம் விழுந்து கெடக்கு. போய்த்தானே ஆகணும். தம்பி முருகேசன்கிட்ட, செவுத்துல ஈரம் பாக்க வந்தேன்னு ஒரு புளுகு விட்டேன். அண்ணாச்சி ஒன்ன அனுப்புனாரான்னாரு. என் வாயி சும்மா இருக்கல. அண்ணாச்சி மாதிரியே மூக்கால பேசி, நடுவுல அந்த இருமலையும் இருமிக் காட்டுனேன். ஊரே சிரிக்கிற வித்தை அது. இந்த மனுசன் சிரிக்கல. இன்னும் அந்த இருமல் போகலையான்னு கேட்டாரு. மாத்திரை சாப்புடுறாரான்னு கேட்டாரு.

பெறகு அவரே குனிஞ்சு மஞ்ச வயரை எடுத்துக் குடுத்தாரு. லாட்ஜு பேச்சு வார்த்தையெல்லாம் அவருக்கு செல்லுலதானாம். இந்தப் போனுக்கு ஒருத்தனும் கூப்புடுறதில்ல. ஆனாலும் தெனம் காலையில எந்திரிச்சு வந்ததும் எடுத்துக் கொஞ்ச நேரம் கையில வச்சிருப்பாராம். நான் முழிச்ச முழியப் பாத்துட்டுச் சொன்னாரு: "செவுரு வச்ச அன்னைக்கு அந்த வயரை இழுத்துவிட்டதே நான்தான். அவருக்குத் தெரியாது, நீயும் சொல்லிறாத."

எரிஞ்சுச்சு

வயரை ஒட்டிட்டு அண்ணாச்சி பக்கம் வந்து நின்னேன். அஞ்சாவது பொத்தான் பளிச்சுன்னுச்சு. அண்ணாச்சி ரிஜிஸ்டரைப் பொரட்டுற மாதிரி பாவலா பண்ணுறாரு, கண்ணு என்னமோ லைட்டு மேலதான். தம்பி சொன்ன 'கொஞ்ச நேர'த்தைவிட ரொம்ப நேரம் எரியுது. எனக்குப் பொறுக்கல. இன்னும் ரெண்டு வயரு சேத்தா பொத்தானை அமுக்கிப் பேசவே செய்யலாம் அண்ணாச்சி, பத்து நிமிச வேலைன்னேன்.

வெரலைப் பொத்தான் மேல கொண்டுபோயி வச்சாரு. அமுக்கல. லைட்டு அணையுற வரைக்கும் எடுக்கவும் இல்ல. அணைஞ்ச பெறகுதான் சொன்னாரு: "வேணாம்ப்பா, பேசுனா முத வார்த்தையே அந்தச் செவுருல போயித்தான் நிக்கும். அவன் எந்திரிச்சுட்டான்னு தெரிஞ்சா எனக்குப் போதும்."

நம்ம பொழப்புல எந்த வயரையும் ஒட்டிப்புடலாம் பங்காளிகளா, ரெண்டு பக்கமும் 'சொல்லிறாத'ன்னு வாங்கிக்கிட்டு வாயை மூடித் திரியுறதுதான் பெரும்பாடு, அதுவும் என் வாயை.