உதயரூபனின் ஜப்பான் பெட்டி

ஆரையம்பதி உதயரூபனின் கையெழுத்தைப் பற்றி, மட்டக்களப்பில் அவர் வேலை பார்த்த கந்தோரில் இரண்டு அபிப்பிராயம் இருந்ததில்லை. பக்கத்து மேசை முனாப் ஒருநாள் அவருடைய குறிப்பொன்றைத் தலைகீழாகப் பிடித்துக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்தால பார்த்தாக் கொஞ்சம் பரவாயில்ல, உதயன்" என்றார்.

உதயரூபன் கோபப்படவில்லை. தன் கையில் பிழை இருப்பதாக அவர் ஒருநாளும் நினைத்ததில்லை. பிழையெல்லாம் பேனையில்தான். ஒன்று மை கக்கும், ஒன்றின் நுனி கீறும், இன்னொன்று வியர்வையில் வழுக்கும். நாற்பது வயதுக்குள் அவர் வாங்கிப் பார்க்காத பேனை கடைத்தெருவில் இல்லை. மனைவி வதனி அவற்றையெல்லாம் ஒரு பால்மா டின்னில் போட்டு வைத்திருந்தாள்.

சுனாமிக் கடல் வந்த மார்கழிக்குப் பிறகு, பாடசாலை ஒன்றில் இருந்த முகாமில் பெயர் பதிய அவரைப் போட்டார்கள். பிள்ளைகள் இருக்கும் வாங்குகளை ஒதுக்கிப் பாய் விரித்த வகுப்பறைகளில், முழங்காலில் மட்டையை வைத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாக எழுதினார். பெயர்களைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் சில இடத்தில் நின்றுவிடுவார்கள். அப்போது அவர்களுடைய முகத்தைப் பார்க்காமல் இருக்க அவருக்கு அந்தத் தாள் தேவைப்பட்டது. அந்த இரண்டு மாதமும் அவர் எந்தப் பேனையையும் குறை சொல்லவில்லை.

அதே முகாமுக்குத் தண்ணீர்த் தாங்கி வைக்க வந்த ஜப்பான்காரர்களில் யூமிகோ என்றொரு பெண் இருந்தாள். அவர் எழுதுவதை அவள் அடிக்கடி வந்து நின்று பார்ப்பாள். ஊருக்குத் திரும்பும் நாளன்று மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிக்கொண்டு வந்து, மிகுந்த மரியாதையோடு குனிந்து ஏதோ கேட்டாள். மொழிபெயர்ப்பாளர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்:

"ஐயா, இப்படி எழுத ஆரிட்டப் பழகினீங்க எண்டு கேக்கிறா. அவட நாட்டில தூரிகையால இப்படிச் சுழிச்சு எழுத வருசக்கணக்காப் பழகுவாங்களாம்."

உதயரூபன் முதுகை நிமிர்த்திக்கொண்டார். "தானா வந்தது எண்டு சொல்லுங்க."

அவள் இன்னொரு தரம் குனிந்து, தன் கைப்பையிலிருந்து ஒரு தகரப் பெட்டியை எடுத்துக் கொடுத்தாள். உள்ளே பன்னிரண்டு பென்சில்கள். முனையில் தூரிகை வைத்த பேனைகள் மூன்று.

அன்றைக்கே வீட்டில் அறிவித்துவிட்டார்: "இனி இதுதான். சாதாரண எழுத்தெல்லாம் இதாலதான்."

"சந்தைக்குச் சாமான் எழுதிறதும் இதாலயா?" என்று வதனி கேட்டாள்.

"அதுவுந்தான்."

பென்சில்களை அவர் சும்மா சீவவில்லை. சவரத் தகட்டால், மீன் செதில் எடுப்பதுபோல் மெல்ல மெல்ல எடுத்து, சீவலை மணந்து பார்த்துவிட்டுத்தான் எழுத உட்காருவார். கடினமான பென்சில் கந்தோர்த் தாளைக் கிழித்தது. மெதுவானது வழுக்கிக்கொண்டு போனது; ஆனால் எழுதினது பாதி தாளில், பாதி உள்ளங்கையில். அந்தக் கையால் நெற்றி வியர்வையைத் துடைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனவரைப் பார்த்து ஐயர் திருநீற்றுத் தட்டோடு ஒரு கணம் தயங்கி நின்றார். நடுத்தரமான 2B ஒன்றுதான் ஒத்து வந்தது. அதிலும் ஒரு சங்கடம்: பென்சிலால் எழுதின குறிப்பு செல்லாது என்று கந்தோர்ப் பெரியவர் திருப்பி அனுப்பிவிட்டார். அதன்பிறகு பென்சிலால் எழுதி, அதன்மேல் மையால் எழுதி, பிறகு பென்சிலை அழித்தார். ஒரு பக்கத்துக்கு அரைநாள் போனது.

தூரிகைப் பேனையின் கதை வேறு. மெல்லத் தொட்டால் மயிர்க்கோடு, கொஞ்சம் அழுத்தினால் விரற்கடை அகலம். அவருக்கோ மெல்லத் தொடுகிற பழக்கம் இல்லை. ஒரு 'ஞ' வாவி இறாலைப்போல் மீசையோடு வந்தது. வைத்த புள்ளியெல்லாம் ஊறித் தக்காளியாயிற்று. நான்கு சொல்லில் பக்கம் நிறைந்துவிட்டது.

முனாப் எழுந்து வந்து பார்த்தார். "உதயன், இது குறிப்பா, கடைக்கு மாட்டுற போர்டா?"

"கை பழகணும், முனாப். ஜப்பான்ல வருசக்கணக்காப் பழகுவாங்க."

"அதுக்குள்ள நமக்குப் பென்சன் வந்திரும்."

ஒரு பேனை மூடாமல் விட்டதில் காய்ந்துபோனது. இன்னொன்றால் வதனி மிளகாய்த்தூள் போத்தலுக்கும் மல்லித்தூள் போத்தலுக்கும் அழகாகப் பெயர் எழுதி முடித்துவிட்டாள். மூன்றாவதை அவர் சட்டைப்பையில் குத்திக்கொண்டு திரிந்தார்.

வதனியின் தங்கை நேசமலர் கிளிநொச்சியில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டாயிரத்து எட்டாம் ஆண்டோடு அவளிடமிருந்து கடிதம் நின்றது. அடுத்த வைகாசியில் சண்டை முடிந்தது. வவுனியாவுக்கு அப்பால் ஒரு முகாமில் அவளைக் கண்டதாக யாரோ சொல்ல, ஆனி மாதத்தில் இருவரும் பஸ் ஏறினார்கள். முனாப்பின் மனைவி றபீக்கா ஒரு பெட்டி பேரீச்சம்பழம் கொடுத்துவிட்டாள்.

வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். இளம் சிப்பாய் ஒருவன் உதயரூபனின் பையிலிருந்த பேனையை உருவி, மூடியைக் கழற்றி, முனையைச் சந்தேகத்தோடு தொட்டுப் பார்த்தான்.

"மொகக்த மே?" இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

"ஜப்பான் பேனை. எழுதிற," என்று காற்றில் எழுதிக் காட்டினார்.

சிப்பாய் அவருடைய பஸ் டிக்கெட் துண்டின் பின்பக்கத்தில் தன் பெயரைச் சிங்களத்தில் எழுதிப் பார்த்தான். வளையல் வளையலாக, கோயில் மணியைப்போல் உருண்டு வந்தது. அவனுக்கே ஆச்சரியம். இன்னொரு தரம் எழுதினான். பேனையைத் திருப்பிக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை; ஆனாலும் கொடுத்துவிட்டான்.

பஸ்ஸில் ஏறியதும் வதனி மெல்லச் சொன்னாள்: "பேனையில ஒரு பிழையும் இல்லப்போல."

உதயரூபன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

முகாமில் இரண்டு முள்வேலி. நடுவில் ஒரு பாதை அகலம் வெறும் மண். அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நூற்றுக்கணக்கில் சனம் நின்று பெயர் கூப்பிட்டது. எல்லாப் பெயரும் ஒன்றோடொன்று கலந்து எதுவும் கேட்கவில்லை. மத்தியானத்துக்குள் வதனிக்குக் குரல் போய்விட்டது. உதயரூபன் பேரீச்சம்பழப் பெட்டியைப் பிரித்து, பழத்தை அவளுடைய சேலைத் தலைப்பில் கொட்டிவிட்டு, அட்டையை மண்ணில் வைத்துக் குந்தியிருந்து எழுதினார். பலங்கொண்ட மட்டும் அழுத்தினார். 'நேசமலர்' அட்டையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் நண்டு நண்டாக ஓடியது.

"இத ஆர் வாசிக்கிற?" என்று வதனி வராத குரலில் கேட்டாள்.

அவர் அட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார். கை கடுத்தபோது மற்றக் கைக்கு மாற்றினார். ஒரு மணித்தியாலம் இருக்கும். அந்தப் பக்கத்துக் கூட்டம் ஓரிடத்தில் விலகியது. மெலிந்த பெண்ணொருத்தி இடித்துக்கொண்டு வந்து கம்பியைப் பிடித்தாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு.

"அக்கா! நான் பேர வாசிக்கல்ல, அக்கா! தூரத்தில வரக்குள்ளயே எழுத்தக் கண்டன். அத்தானத் தவிர ஆருக்கு இப்படி வரும்!"

உதயரூபன் அட்டையைக் கீழே வைக்கவில்லை. முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். அதற்குள் வதனி தங்கையின் கணவனைப் பற்றிக் கேட்டாள். நேசமலர் இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

கார்த்திகையில் நேசமலரை முகாமிலிருந்து வெளியே விட்டார்கள். ஆரையம்பதிக்கு வந்த மூன்றாம் நாள், தொலைந்த அடையாள அட்டைக்கு விண்ணப்பம் நிரப்ப வேண்டியிருந்தது. உதயரூபன் பத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து, தகரப் பெட்டியைத் திறந்தார்.

"நீங்க வேணாம் அத்தான்," என்றாள் அவள். "நானே எழுதிறன். ஒரு நீலப் பேனை தாங்க."

அவர் மேசை லாச்சியை இழுத்துத் தேடினார். பால்மா டின்னைக் கவிழ்த்தார். பதினேழு பேனை விழுந்தது; எழுதுகிற பேனை ஒன்றுமில்லை. சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக் கடைக்குப் புறப்பட்டவரைப் படலை வரைக்கும் வந்து வதனி கூப்பிட்டாள்:

"இஞ்சருங்க! ஒண்டு போதும்!"

அவர் மூன்று வாங்கி வந்தார்.