இருநூற்று நாற்பது ரூபாய்க்கு ஒரு சண்டை

போன சனிக்கிழமை வடமாலபேட்டையில் இருநூற்று நாற்பது ரூபாய் கொடுத்து ஒரு சண்டை வாங்கினேன்.

விற்றவர் என் மனைவியின் அண்ணன் முனிரத்தினம். அங்கே மெயின் ரோட்டில் டிபன் கடை வைத்திருக்கிறார்.

எனக்குத் திருப்பதியில் ஒரு ஆபீஸில் வேலை. பிரான்ஸ் கம்பெனி ஒன்றின் பில்களைப் பார்க்கிறோம். அதற்காக பிரெஞ்சு வேறு கற்றுக்கொடுக்கிறார்கள் (தெலுங்கே இன்னும் தகராறு).

வெள்ளிக்கிழமை பாடத்தில் ஒரு சொல் வந்தது. பணம் கொடுப்பதற்கு ஆங்கிலத்தில் ‘பே’, பிரெஞ்சில் ‘பெய்யே’. ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்கு லத்தீனிலிருந்து. லத்தீனில் ‘பாகாரே’ என்றால் சமாதானப்படுத்துவது. கோபக்காரனைச் சாந்தப்படுத்தப் பிறந்த சொல், அப்புறம் கடன்காரனைச் சாந்தப்படுத்தப் போய், கடைசியில் கல்லாவில் உட்கார்ந்துவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மறுநாளே பயன்படுத்திவிட்டேன்.

ஆபீஸ் நண்பர்கள் இரண்டு பேரோடு நகரிக்குத் திரும்பும் வழியில் மச்சான் கடையில் நிறுத்தினேன். இரண்டு பேரும் வஞ்சனையில்லாமல் சாப்பிட்டார்கள். காசை நீட்டினால் மச்சான் கையைத் தள்ளிவிட்டார். நான் சாப்பிட்டது சரி, கூட வந்தவர்களுக்கும் அவரா தண்டம் அழுவது? கிளம்பும்போது யாருக்கும் தெரியாமல் சுவரில் ஒட்டியிருந்த அட்டையை ஸ்கேன் செய்து பணத்தை அனுப்பினேன்.

யாருக்கும் தெரியாமல் என்று நான்தான் நினைத்தேன். கல்லாமேல் இருந்த சவுண்டு பாக்ஸ், இருநூற்று நாற்பது ரூபாய் வந்தது என்று தெலுங்கில் ஊருக்கே அறிவித்தது.

கடையில் இருந்த எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். மச்சான் தோசைக்கல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வீடு சேர்வதற்குள் மனைவி செல்விக்கு போன் வந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டாள்.

“உன் வூட்டுக்காரரு எனக்குத் துட்டு குட்த்துட்டாரும்மா. எட்டு பேரு பாத்துக்கினு இருக்காங்க. கணக்குத் தீந்துபோச்சு. கொழந்தைக்குக் காது குத்த வேற மாமனைப் பாத்துக்கச் சொல்லு.”

எங்கள் பெண் ஹாசினிக்கு புதன்கிழமை காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் எங்கள் பக்கத்தில் யாரும் ஊசியைத் தொடமாட்டார்கள். செல்விக்கு இருப்பதோ ஒரே அண்ணன்.

இரண்டு நாள் செல்வி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. சோறு மட்டும் நேரத்துக்கு வந்தது. அது இன்னும் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை தனியாகக் கடைக்குப் போனேன். மச்சான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. என்ன சொல்வதென்று தெரியாமல் லத்தீன் கதையைச் சொன்னேன் (ஆமாம், சட்னி ஊற்றும் ஆள் முன்னாலேயே). துட்டு கொடுப்பதும் சமாதானம் செய்வதும் ஆதியில் ஒன்றுதான் மச்சான் என்றேன்.

அவர் சவுண்டு பாக்ஸைக் காட்டினார்.

“அப்டின்னா அந்தப் பொட்டி கத்தனப்போ எனக்கு இன்னாத்துக்கு மாப்ள வயிறு எரிஞ்சிது?”

இதற்குப் பிரெஞ்சு டீச்சரிடமும் பதில் இருந்திருக்காது.

ஒரு தட்டில் ஆறு இட்லி வைத்தார். “துன்னு” என்றார்.

தின்றேன். இன்னும் நாலு விழுந்தது. அதன்மேல் மூன்று வடை. கையைக் கழுவி, அந்த அட்டைப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், எல்லோரும் பார்க்க நெஞ்சை நிமிர்த்தி வெளியே வந்தேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காகச் செய்த ஒரே பேமெண்ட் அதுதான்.

புதன்கிழமை முதல் ஆளாக வந்தவர் மச்சான். பட்டுப் பாவாடை, கொலுசு, பழத்தட்டு எல்லாம் இருந்தது. ஹாசினி அவர் மடியில் உட்கார்ந்து ஊரே கேட்க அழுதாள். அவளைவிட அவர்தான் அதிகம் அழுதார். எனக்கும் கண் கலங்கியது, மறைக்க மாட்டேன்.

மத்தியானம் மொய் கவரைப் பிரித்தோம். மச்சான் பேர் போட்ட கவரில் இருநூற்று நாற்பத்தொன்று.

என் பணத்தையே மேலே ஒரு ரூபாய் வைத்து எனக்கே மொய் எழுதிவிட்டார்! இனி அவர் வீட்டு விசேஷத்துக்கு நான் அதைவிடக் கூட வைக்கவேண்டும். அப்புறம் அவர் அதைவிடக் கூட.

கணக்கு மறுபடி திறந்துவிட்டது என்று செல்வியிடம் சொன்னேன்.

“அப்பாடா” என்றாள்.