சப்பரம் பின்வாங்கிய தெரு

பகல் பன்னிரண்டரை மணிக்குச் சேலம் புதிய பேருந்து நிலையத்தில் ராசிபுரம் பேருந்தைப் பிடித்தேன். போகிற ஊர் ஐம்பது கிலோமீட்டருக்குள்தான் இருக்கும். என் பையைப் பார்த்தவர்கள் இமயமலைக்குப் போகிறேன் என்று நினைத்திருப்பார்கள்: தண்ணீர் பாட்டில், மாற்றுச் சட்டை, ரத்த அழுத்த மாத்திரை ஓர் அட்டை முழுதாக. “திருவிழாவுக்குத்தானே போறீங்க?” என்று மனைவி இரண்டு முறை கேட்டாள். திருவிழாவுக்குத்தான். ஆனால் ஆட்சி மாறி மூன்று வாரம் ஆகியிருந்தது.

என் தங்கை வாழ்க்கைப்பட்ட ஊர் சேந்தமங்கலத்துக்குச் சற்று முன்னால், கொல்லிமலை தெரிகிற தூரத்தில் இருக்கிறது. பெயரை எழுதப்போவதில்லை. நான் திரும்பி வந்துவிட்டேன். அவர்கள் அங்கேயே இருக்க வேண்டியவர்கள். கத்தோலிக்கர் நாற்பது வீடு, ஒரு சிற்றாலயம். வருடத்துக்கு ஒரு நாள் அந்தோணியார் சப்பரம் ஆட்களின் தோளில் ஏறிக் கடைத்தெரு வழியாகப் போகும். அந்தத் தெருவில் எல்லாரும் இந்துக்கள். அங்கே பெரிய வீட்டுக்காரர் தேங்காய் உடைத்து மாலை போட்ட பிறகே சப்பரம் நகரும். இதை யாரும் மத நல்லிணக்கம் என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாமூல் என்பார்கள்.

ராசிபுரத்தில் மாறிய பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெரியவர் விசாரணையைத் தொடங்கினார்.

“எங்க போறீங்க சாமி?”

“தங்கச்சி வீட்டுக்குங்க.”

“யாரு ஊடு? மாப்பிள்ளை பேரு?”

மாப்பிள்ளை பெயர் சவரிமுத்து. “முத்துங்க” என்றேன். பொய் இல்லை, பாதி. ஏழெட்டு அலமாரிப் புத்தகம் படித்தவனுக்கு அந்த நேரத்தில் கைகொடுத்தது அந்தப் பாதிதான்.

மணி இரண்டரை. முழு சவரிமுத்து பேருந்து நிறுத்தத்திலேயே காத்திருந்தார். போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டுகிறவர். ஆயிரம் அடி பாறைக்கு அசராத மனிதர் அன்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“கடைத்தெரு வேண்டாம், ஏரிக்கரை வழியாச் சுத்திப் போங்கறாங்க மச்சான். ஒரு வருசம் சுத்திப் போனா அதுதான் மாமூலு. அடுத்த வருசம் ஸ்டேசன்ல கேட்டா, ‘போன தடவை எப்படிப் போனீங்க?’ன்னு கேப்பாங்க. அத்தோட அந்தத் தெரு போச்சு.”

“பெரிய வீட்டுக்காரர் என்ன சொல்றார் மாப்ளே?”

“அவரு கட்சி தோத்துப் போச்சுங்களே. ‘எங்கூட்லயே எம்பேச்சு எடுபடலப்பா’ங்கறாரு. அவரு தம்பி மகன் கதிர்வேலு ஜெயிச்ச கட்சி, இப்ப அவருதான் எல்லாம். வாங்க, கடைசியா ஒருக்கா கேட்டுப் பாத்துரலாம்.”

கதிர்வேலின் கோழிப்பண்ணைக்குத் தாம்பூலத் தட்டோடு போனோம். முப்பத்தைந்து வயது இருக்கும். எழுந்து நின்று வரவேற்றார், நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார், மோர் வரவழைத்தார். மிரட்டுவார் என்று மனதுக்குள் ஒரு வீர வசனத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதைச் சொல்ல அவர் இடமே கொடுக்கவில்லை.

“சவரியண்ணா, வேண்டாம்னு யாருங்க சொன்னா? சுத்திப் போங்கன்னுதானுங்க சொல்றோம். அந்தோணியாருக்கு ஏரிக்காத்து ஆகாதுங்களா?”

“எங்கப்பா காலத்துல இருந்து அந்த வழிதான் தம்பி.”

“எனக்குத் தெரியாதுங்களா? சின்ன வயசுல உங்க சப்பரத்துப் பொரி திங்காத வருசமே இல்லைங்க. ஆனா உங்க நாப்பது ஊட்டு ஓட்டும் எங்க உழுந்துதுன்னு பசங்க பேசிக்கறானுங்க. ஜெயிச்ச புதுசு, சூடா இருக்கறானுங்க. ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா எனக்குத்தானுங்க சங்கடம்.” பிறகு என்னைப் பார்த்து, “இன்னொரு டம்ளர் மோர் சாப்பிடுங்க சார்” என்றார்.

குடித்தேன். நல்ல மோர்.

காவல்துறை அதிகாரி ஆலய வாசலில் நின்றிருந்தார். “ரெண்டு தரப்பும் பேசி முடிச்சுட்டீங்கள்ல?” என்றார். சவரிமுத்து தலையை அசைத்தார். முடித்தது ஒரு தரப்பு என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஐந்து மணிக்குச் சப்பரம் கிளம்பியது. நேராகப் போனால் ஏரிக்கரை, இடது பக்கம் கடைத்தெரு. அந்த முக்கில் நடந்ததை யாரும் திட்டமிடவில்லை. தூக்கியவர்கள் பதினாறு பேர், எல்லாருக்கும் புது வழி தெரியும். ஆனால் முக்கு வந்ததும் வருடா வருடம் பழகிய கால்கள் தாமாகவே இடது பக்கம் திரும்பிவிட்டன. முன்னால் தோள் கொடுத்தவர்கள் தெருவுக்குள் நாலைந்து வீடு தாண்டிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உணர்ந்தார்கள். மேளம் நின்றது. டீக்கடை பெஞ்சில் இருந்த இளைஞர்கள் எழுந்தார்கள். அதிகாரியின் கை லத்திக்குப் போனது. என் கை மாத்திரைக்குப் போனது.

“பின்னால எடுங்கடா! பின்னால எடுங்க!” சவரிமுத்து கத்தினார், ரிக் வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிற அதே குரலில்.

சப்பரத்தைத் திருப்ப அந்தத் தெருவில் அகலம் போதாது. தூக்கியவர்கள் அப்படியே பின்னால் அடி வைத்தார்கள். அந்தோணியார் தெருவைப் பார்த்தபடியே பின்னால் போனார். அப்போதுதான் கவனித்தேன்: இரண்டு பக்கமும் வாசல் தெளித்து, எல்லா வருடமும் போலக் கோலம் போட்டிருந்தது. பெண்கள் தட்டில் பூவோடு நின்றார்கள். ஓர் அம்மா ஓர் அடி முன்னால் வந்து, டீக்கடைப் பக்கம் பார்த்து, நின்றுவிட்டார். பெரிய வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. முழுதாகத் திறக்கவில்லை, மூடவும் இல்லை.

ஏரிக்கரையில் சப்பரம் சுற்றி வந்தது. எந்த அசம்பாவிதமும் இல்லை. “அமைதியா முடிஞ்சுதுங்க மச்சான்” என்றார் சவரிமுத்து. என் முகத்தைப் பார்க்காமல் சப்பரத்துக் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

ஆறரை மணிக்கு நான் பையோடு நடக்கத் தொடங்கியபோது பக்கத்தில் ஒரு பைக் வந்து நின்றது. கதிர்வேல்.

“நடந்தாப் போறீங்க? ஏறுங்க சார், பஸ்ஸுக்கு உட்டுர்றேன்.”

ஏறினேன். வண்டி முக்கில் இடது பக்கம் திரும்பியது.

“இப்படிப் போனாச் சுருக்குங்க சார்” என்றார்.

கோலங்கள் மேல் சக்கரம் ஏறி இறங்கியது. டீக்கடை இளைஞர்கள் எழுந்து வணக்கம் வைத்தார்கள். அதில் ஒரு பங்கு எனக்கும் விழுந்தது. நிறுத்தத்தில் இறக்கிவிட்டு, பேருந்து வரும்வரை நின்றார், எனக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்ததா என்றும் எட்டிப் பார்த்தார்.

“அடுத்த வருசமும் கட்டாயம் வரோணும் சார்.”

“ரொம்ப நன்றிங்க” என்றேன்.

சேலத்தில் எங்கள் பங்கு ஆலயத் தேர் வந்தால் போலீஸார் பேருந்துகளை நிறுத்தி வழிவிடுவார்கள். ஏன் இந்தப் போக்குவரத்து நெரிசல் என்று வருடா வருடம் அலுத்துக்கொள்கிறவன் நான். ராசிபுரம் விளக்குகள் தெரிகிறவரை ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தேன். எதற்காக அவருக்கு நன்றி சொன்னேன்? கொண்டுவந்து விட்டதற்கா, அந்தத் தெரு வழியாக என்னைப் போகவிட்டதற்கா?