தாராசுரத்தில் இறங்கச் சொன்ன தலையாட்டி பொம்மை

தஞ்சாவூரில் அரண்மனையைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒரு தலையாட்டி பொம்மை வாங்கினேன். அதை மடியில் வைத்துக்கொண்டு, தாராசுரம் கோயில் பார்க்கக் கும்பகோணம் பஸ்ஸில் ஏறினேன்.

பக்கத்து சீட்டில் ஓர் அக்காவும் அவர் கணவரும். தாராசுரம் கோயிலுக்குப் போகிறேன் என்றேன்.

"கல்யாணமாகி வந்ததுலேர்ந்து இந்தக் கோயிலைத் தாண்டித்தான் போறோம். ஒருநாளும் இறங்கினதில்ல" என்றார் அக்கா.

"மடையைத் திறந்து விட்டுட்டு வந்திருக்கேன். வயல்ல தண்ணி நிக்கும். கோயில் எங்க போயிடப் போவுது?" என்றார் கணவர்.

அக்கா என் பொம்மையிடம் குனிந்தார். "நீ சொல்லு. இன்னிக்கு இறங்கலாமா?"

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. பொம்மை பலமாகத் தலையாட்டியது. பின் சீட்டு வரை சிரிப்பு.

"பஸ் ஆடுனா அதுவும் ஆடத்தான் செய்யும்" என்று முறைத்த கணவர், விடாமல் தானும் கேட்டார். "நேரா வீட்டுக்குப் போயிடலாமா?"

அதற்குள் தாராசுரம் வந்து பஸ் நின்றுவிட்டது. பொம்மை அசையவே இல்லை.

"தீர்ப்பு சொல்லியாச்சு, இறங்குங்கண்ணே" என்றார் கண்டக்டர்.

கோயிலில் காளைக்கும் யானைக்கும் ஒரே தலையாகச் செதுக்கிய சிற்பம் ஒன்று இருக்கிறதே, அதை விட்டு அண்ணன் நகரவில்லை. ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை என்று வருவோர் போவோருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் தம்பிக்கு போன் வேறு.

"நீ போயி மடையை அடைச்சிடுப்பா. நான் முக்கியமான வேலையில இருக்கேன்."

கிளம்பும்போது அக்கா என்னிடம் கேட்டார். "அந்தப் பொம்மையை எங்களுக்குக் குடுத்துடுறீங்களா? இவங்ககிட்ட இன்னும் நிறைய கேக்க வேண்டியிருக்கு."

இந்த முறை தலையாட்டியது நான்.

நாளைக்குத் திருவாரூர் போகலாமா? பொம்மை கைவசம் இல்லாததால் உங்களைக் கேட்கிறேன்.