டீ அடுப்பில் சிவந்த கறுப்பு

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. ஞாபகமும் இப்போது நடுநடுவே நழுவுகிறது. பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

போன வாரம் சிகந்தராபாத் மெட்டுகுடாவில் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பெயின்ட் அடிக்க ஓர் ஆள் வந்தான். டப்பாவைத் திறந்து குச்சியால் கலக்கினான். எட்டிப் பார்த்தேன். "சாம்பல் கலர்ல லேசா சிவப்பு ஓடுதேப்பா" என்று சொல்லிவிட்டேன். அவன் டப்பாவைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மூடியைத் திருப்பிப் படித்தான். எனக்கே வெட்கமாகப் போய் உள்ளே வந்துவிட்டேன். ஆனால் ஓடியது உண்மை.

அந்தக் கண் மல்லாபூர் பெயின்ட் கம்பெனியில் வேலை பார்த்தபோது வந்தது. ஊரெல்லாம் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடம் எழும்பிய காலம். எங்கள் கம்பெனியில் பெயின்ட் என்றால் தண்ணியாக இருக்காது, எல்லாம் பொடி. தகட்டின் மேல் தூவி ஓவனில் வைத்தால் உருகிப் பிடித்துக்கொள்ளும். டர்பன்டைன் வாசனை கிடையாது. சூடான தோசைக்கல் வாசனைதான்.

என் வேலை கலர்ப் பொடி எடை போடுவது. கறுப்பு மூட்டை பார்க்கச் சின்னது, தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். "கறுப்பும் இரும்புதான், சிவப்பும் இரும்புதாம்மா" என்பார் லேப் வெங்கட் சார். கூட வேலை பார்த்த ரஜியா, உடைந்த ஸ்பீக்கரின் காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் ஓட்டுவாள். மேலே கறுப்புப் பொடி பூனை முடி மாதிரி சிலிர்த்து எழும். இரண்டு பேரும் சிரிப்போம். அந்தக் கறுப்பு நகக்கண்ணில் ஏறினால் லேசில் போகாது. மெட்டுகுடாவில் கழுத்தில் அட்டை மாட்டிய கம்ப்யூட்டர் கம்பெனிப் பெண்கள் வேனுக்கு நிற்பார்கள். நான் கையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு நடப்பேன்.

பதினொரு மணிக்கு டீ போடுவதும் நான்தான். பொடி பறந்து அடுப்பிலும் படியும். ஓரத்தில் படிந்தது கறுப்பாகவே கிடக்கும், தீக்குப் பக்கத்தில் படிந்தது செங்கல் நிறமாகிவிடும். தினமும் துடைத்தேன், யாரிடமும் சொல்லவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று நினைத்தேன்.

மாதாப்பூரில் ஒரு பெரிய கட்டடத்துக்குக் கறுப்பும் வெள்ளையும் கலந்த சாம்பல் நிறம் கேட்டிருந்தார்கள், அவசர ஆர்டர். ஒரு நாள் காலை ஓவனிலிருந்து வந்த தகடெல்லாம் பால் குறைந்த டீ மாதிரி பழுப்பு அடித்தது. முதலாளி தெலுங்கில் கத்தினார். படிக்காத பொம்பளையை எடை போட வைத்தால் இப்படித்தான், நாளையிலிருந்து வேறு ஆளைப் போடு என்றார். வெங்கட் சார் பரம்பரையாகச் சிகந்தராபாத்காரர், அவர் தமிழே தனி, வேண்டாம் என்பதற்கு நக்கோ, ஆமாம் என்பதற்கு ஹவ். "அழுறது நக்கோம்மா. சிவப்புப் பொடிக் கரண்டி இதுல பட்டுச்சா? ஹவ்னா ஹவ்னு சொல்லிடு" என்றார்.

படவில்லை. இரண்டு கரண்டிக்கும் தனித்தனியாக நூல் கட்டி வைத்திருந்தேன். சிவப்பு எது கறுப்பு எது என்று பார்க்க எழுத்துப் படிக்க வேண்டுமா? வீட்டுக்காரருக்கு ரயில்வே சம்பளம் இருந்தது, வேலை போனால் சமாளித்திருப்போம். கவனமில்லாதவள் என்ற பெயரோடு வெளியே போவதுதான் என்னால் முடியாது. இதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை.

நேரே போய் டீ அடுப்பைப் பற்றவைத்தேன். அவர்கள் பார்க்கப் பார்க்கப் புது மூட்டை ஒன்றைப் பிரித்து, ஒரு சிட்டிகைக் கறுப்பை இரும்புக் கரண்டியில் போட்டுத் தீயில் பிடித்தேன்.

"அரே அக்கா, பெயின்ட்ல சாயா போடுறியா?" என்றாள் ரஜியா, அவளுடைய உடைந்த தமிழில். யாரும் சிரிக்கவில்லை.

முதலில் ஓரம் பழுத்தது. அப்புறம் கரண்டி முழுக்கச் செங்கல்பொடி.

வெங்கட் சார் கரண்டியையே பார்த்தார். பிறகு முதலாளியிடம், ஓவனில் சூடு எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். தகடு சீக்கிரம் வெளியே வரட்டும் என்று சூட்டைக் கூட்டச் சொன்னது முதலாளியேதான். அவர் செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். நான் எடை போட்ட அதே பொடியைப் பழைய சூட்டில் சுட்டார்கள். மழை மேகம் மாதிரி நல்ல சாம்பல் வந்தது.

"உனக்கு எப்டிம்மா தெரியும் இது?"

"அடுப்பு தொடைக்கிறேனே சார்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"யாரும் கேக்கலியே சார்."

அன்றிலிருந்து எந்தச் சரக்குக்கும் முதல் தகடு என்னிடம் வரும். நான் பார்த்துச் சரி என்றால், பின்பக்கம் தமிழில் என் கையெழுத்து. வீட்டில் பழைய காலண்டர் தாளில் கையெழுத்துப் போட்டுப் பழகினேன். "என்னடி, கலெக்டராயிட்டியா?" என்றார் அவர். ஆமாம் என்றேன். நகத்தை ஒளிப்பதையும் விட்டுவிட்டேன்.

கட்டடம் முடிந்ததும் நானும் ரஜியாவும் பஸ் மாறி மாறிப் போய்ப் பார்த்தோம். வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. எதிர்ப்பக்கம் நின்று பார்த்தோம். ஜன்னல் சட்டம் முழுக்க, பின்படிக்கட்டுக் கைப்பிடி முழுக்க என் சாம்பல்.

இப்போது மல்லாபூரில் கம்பெனி இருந்த இடத்தில் அபார்ட்மென்ட். என் கையெழுத்துப் போட்ட தகடெல்லாம் பழைய இரும்புக்குப் போய்விட்டன. ரஜியா எங்கே இருக்கிறாளோ. நான் எழுதியதில் பிசகு இருந்தால், விவரம் தெரிந்தவர்கள் திருத்துங்கள். சூடு எத்தனை டிகிரி என்பது எனக்கு மறந்தே போயிற்று.

இன்னொன்றும் பார்க்க வேண்டும். மாதாப்பூரில் அந்தக் கட்டடத்துக்குப் பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பாறைகள் இருந்தன. வெடி வைத்து எடுத்துவிட்டார்களாம், அதனால் அடையாளம் சொல்லத் தெரியவில்லை. கண்டுபிடிக்கிறவர்கள் பின்படிக்கட்டுக் கைப்பிடியில் இத்தனை வருஷ வெயிலுக்குச் சிவப்பு ஓடியிருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். ஓடியிருக்காது. இருந்தாலும் பாருங்கள்.