பூனை விழுங்கிய நூல்

தையல்காரி வாயைத் திறந்தால் அந்த வீட்டில் மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள். முன்னறையில் மிஷினைப் போட்டு, ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு வெள்ளைக் கோட்டு தைத்துக்கொடுப்பாள். கோட்டுப் பையின் மேல் சிவப்பு நூலில் பெயரும் போடுவாள்.

கொழுந்தன் கல்யாணமாகி வந்தபோது, புதுப்பெண்ணோடு ஒரு கறுப்புப் பூனையும் வந்தது. மடித்து வைத்த கோட்டுகளைப் பார்த்தால் அதற்குத் தூக்கம் வந்துவிடும். ஒரு தடவை பூனை முடி ஒட்டியிருக்கிறதென்று மூட்டையாகத் துணி திரும்பி வந்தது.

"இது செத்தாத்தான் எனக்கு விடிவு!" என்று தையல்காரி வீடே அதிரக் கத்தினாள்.

அந்த வாரமே பூனை வாந்தியெடுக்க ஆரம்பித்தது. முதலில் தின்றது வந்தது, பிறகு மஞ்சள் நுரை. கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டது.

புதுப்பெண்ணான சின்னவள் முன்னறை வாசலில் வந்து நின்றாள். "என்னத்தக் கலந்து வெச்சீங்க அக்கா?"

தையல்காரிக்குச் சுருக்கென்றது. "விஷம் வெக்கிறவ சொல்லிட்டா வெப்பா? தூக்கு அத. டாக்டர்கிட்டயே கேட்டுடுவோம்."

வழி நெடுகக் கூடைக்குள் பூனை முனகியது.

மாட்டு டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார். "தின்னது அப்படியே வெளிய விழுதா, இல்ல வயித்த எக்கி எக்கி எடுக்குதா?"

"எக்கித்தான். தண்ணி குடிச்சாலும் நிக்கல" என்றாள் சின்னவள்.

"நாயும் பூனையும் வாந்தி எடுக்கறது ஒண்ணும் அதிசயமில்ல. அவசரமா தின்னா வரும், உடம்ப நக்கி முடி உள்ள போனாலும் வரும். ஒரு தடவ எடுத்துட்டு ஓடியாடினா பயமில்ல. தண்ணியே தங்கலன்னா உள்ள ஏதாவது அடைச்சிருக்கலாம்."

"விஷமா டாக்டர்?" என்றாள் சின்னவள், ஓரகத்தியை முறைத்தபடி.

டாக்டர் பூனையின் வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினார். அடியில் சிவப்பு நூல் ஒன்று சுற்றி இறுகியிருந்தது. மறுமுனை தொண்டைக்குள் போயிருந்தது.

தையல்காரி சட்டென்று கை நீட்டினாள். "இழுத்துடலாமே!"

"தொடாதீங்க! இழுத்தா குடலையே அறுத்துடும்."

கை அப்படியே நின்றது. கோட்டில் பெயர் போடும் அவளுடைய நூல்தான் அது, பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஆபரேஷன் முடியும்வரை இருவரும் பெஞ்சின் இரண்டு முனைகளில் உட்கார்ந்திருந்தார்கள். நூலை எடுத்தாகிவிட்டது, பிழைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னதும் சின்னவள் ஓவென்று அழுதாள். அழுகை ஓய்ந்ததும் திரும்பினாள்.

"விஷம் இல்லன்னே வெச்சுக்கோங்க. நூல் உங்களுதுதானே?"

"என் ரூமுக்குள்ள வந்தது உன் பூனைதானே?"

மன்னிப்பு என்ற சொல் யார் வாயிலிருந்தும் வரவில்லை. கொலைகாரி என்று பட்டம் கட்டியவள் அதை வாபஸ் வாங்கவில்லை என்பது தையல்காரியை அரித்தது. அதைவிட, அது சாகட்டும் என்று தான் நிஜமாகவே நினைத்தது இன்னும் அதிகமாக அரித்தது. அதை அவள் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை.

முன்னறைக்குத் தாழ்ப்பாள் வந்தது. தினமும் தரையில் துண்டு நூல்கூட இல்லாமல் பெருக்கினாள்.

"பூனை மேல அவ்வளவு பாசமா?" என்று புருஷன் சீண்டினான்.

"பாசமாவது மண்ணாவது! இன்னொரு தடவ அவ என் வாசல்ல வந்து நிக்கக்கூடாது."

சில மாதத்தில் கொழுந்தன் தனிக்குடித்தனம் போனான். சின்னவள் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னறையைத் தாண்டிப் போனபோது தையல்காரி தலை நிமிரவில்லை. மிஷினை இன்னும் வேகமாக ஓட்டினாள்.