டுவேன் திறந்துவிட்ட தண்ணீர்

வெர்லின் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் முகர்ந்து பார்ப்பார், பிறகுதான் வணக்கம் சொல்வார். சீஸ் ஆலையில் தொட்டிகளின் சுத்தத்தைச் சோதித்தே வேலைக்காலம் முழுவதையும் கழித்தவர். ஓய்வு பெற்ற பின் டார்விக் ஏரிக்கரையில் படகு இன்ஜின்களைப் பழுது பார்க்கத் தொடங்கினார். வேலை சுத்தம். ஆனால் முகத்தில் எப்போதும் ஒரு சுளிப்பு. அந்தச் சுளிப்புக்குப் பயந்தே சிலர் வேறு ஊருக்குப் படகை இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்த மே மாதம் அவர் முன்னால் நின்றது தங்கை கார்லீனின் வாட்டர் ஸ்கூட்டர், தண்ணீர்மேல் பைக் போல ஓடும் வண்டி. முழங்கால்கள் கெட்ட பிறகு அவள் அதில் ஏறவில்லை. ஆறு குளிர்காலம் அது டிராக்டர் கொட்டகையில் கிடந்தது. இப்போது இரண்டு முழங்கால்களையும் மாற்றியாகிவிட்டது. கோடை தொடங்கும் விடுமுறை நாளில், அதாவது மூன்றாம் நாள், ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட வேண்டும் என்று அவள் துடித்தாள். இந்த முறையும் ஓடாவிட்டால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவேன் என்று அவள் கணவன் டுவேன் சொல்லியிருந்தான். ஓட வைப்பதாக வெர்லின் வாக்குக் கொடுத்திருந்தார்.

பெட்ரோல் மூடியைத் திறந்ததுமே பழைய வார்னிஷ் நெடி தொண்டையைப் பிடித்தது. குழாய்களுக்குள் பச்சையாக ஏதோ கோழைபோல உறைந்திருந்தது. காற்று உள்ளே போகும் பெட்டியைத் திறந்த வெர்லின் இரண்டடி பின்னால் போய் நின்றார். உள்ளே எலிக்கூடு.

"எலி வராதுன்னு வாசனைத் துணி திணிச்சு வெச்சேனே மச்சான். துணி காய வைக்கிற மெஷின்ல போடுவாளே கார்லீன், அது" என்றான் டுவேன்.

"அதுலதான் மாப்ளே கட்டியிருக்கு. மெத்தை, தலகாணி எல்லாம் நீயே குடுத்திருக்கே. தூ!"

லாவண்டர் மணமும் எலி மூத்திர நாற்றமும் கலந்து வந்தன. தனித்தனியாக இருந்திருந்தால் பொறுத்திருக்கலாம். டுவேன் வெறுங்கையால் கூட்டை அள்ளி வெளியே போட்டான். அதே கையைக் கால்சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, கார்லீன் கொண்டுவந்த, புளிப்புத் தண்டு போட்டுச் சுட்ட ருபார்ப் கேக்கில் ஒரு துண்டை எடுத்துக் கடித்தான். வெர்லின் இன்னும் ஓரடி பின்னால் போனார்.

"மனுஷனாடா நீ?"

"ருசியா இருக்கு மச்சான். சாப்பிட்டுப் பாரு."

இரண்டு நாள் பாடுபட்டார். தொட்டியைக் கழுவினார், குழாய்களை மாற்றினார், கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்தார். சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு ஊற வைத்துக் கையால் மெல்லச் சுற்றியபோது பிஸ்டன்கள் இறுகிப் போகாமல் அசைந்தன. அந்த ஒரு கணம் மட்டும் அவர் முகம் சுளிக்கவில்லை. ஸ்பார்க் பிளக்குகளை மாட்டி, புது பேட்டரியை வைத்து, கரையில் ஓடும்போது இன்ஜின் சூடேறாமல் இருக்கத் தோட்டத்துக் குழாயை அதில் செருகிவிட்டுக் கை கழுவ வீட்டுக்குள் போனார். அவர் கை கழுவினால் சீக்கிரம் முடியாது.

திரும்பி வந்தபோது கார்லீன் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு வண்டிமேலேயே உட்கார்ந்திருந்தாள். "நான்தான் பட்டன அமுக்குவேன், அண்ணே."

"அமுக்கு. ஓட ஆரம்பிச்ச பெறகுதான் தண்ணி. அதுக்கு முன்னாடி கூடாது. மாப்ளே, நீ குழாய்கிட்ட நில்லு."

டுவேன் நகரவில்லை. கேக் மெல்வதையும் நிறுத்திவிட்டான்.

கார்லீனின் கட்டைவிரல் பட்டன்மேல் போனது.

"அமுக்காதே!" என்று டுவேன் கத்தினான். "கார்லீன், கைய எடு! தண்ணிய நான் மொதல்லயே தொறந்துட்டேன்."

"எப்போ?" என்றார் வெர்லின்.

"நீ கை கழுவப் போனப்போ. மீன்பிடிப் படகுக்கு அப்படித்தானே செய்வேன்? தண்ணி விட்டுட்டுதான் இன்ஜின். உனக்கு வேலை மிச்சமாகட்டுமேன்னுதான்… அப்பறம் இதுக்கு அப்படி இல்லேன்னு ஞாபகம் வந்து மூடிட்டேன்."

வண்டியின் பின்பக்கம் ஜல்லி நனைந்திருந்தது. வெர்லின் அதை இப்போதுதான் பார்த்தார். நிற்கும் இன்ஜினில் தண்ணீர் விட்டால் அது புகைக்குழாய் வழியாகச் சிலிண்டருக்குள் ஏறிவிடும். பட்டனை அமுக்கியிருந்தால் பிஸ்டன் அந்தத் தண்ணீரில் முட்டி, அதைத் தள்ளும் கம்பி வளைந்து, எல்லாம் பழைய இரும்புக்குத்தான் போயிருக்கும்.

"நான் வந்து நின்னப்பவே சொல்றதுக்கு என்ன? வாய்ல என்ன வெச்சிருந்தே?"

"கேக்கு" என்றாள் கார்லீன். பிறகு அண்ணனைப் பார்த்தாள். "அந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நீ நின்னா எவன் வந்து உண்மை சொல்லுவான்? சின்ன வயசுல பால் கொட்டினா நானே பூனை மேலதான் பழி போடுவேன்."

வெர்லின் ஸ்பானரை எடுத்து இரண்டு பிளக்குகளையும் கழற்றினார். "இப்ப அமுக்கு" என்றார். எண்ணெயும் தண்ணீரும் கலந்து, கெட்டுப்போன மோர் நிறத்தில், பிளக் துளைகளிலிருந்து பீய்ச்சிக்கொண்டு வந்தது. எதிரே நின்ற டுவேனின் மார்பிலும் தாடியிலும் வழிந்தது. அவன் துடைக்கக்கூட இல்லை.

"எல்லாம் வந்துடுச்சா மச்சான்?"

"இன்னும் கொஞ்சம் இருக்கு. அங்கயே நில்லு."

தண்ணீர் வருவது நின்றதும் எண்ணெய் விட்டு, உலர்ந்த பிளக்குகளைப் பூட்டினார். கார்லீன் அமுக்கினாள். இன்ஜின் இரண்டு தரம் முனகிவிட்டு, மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. வெள்ளைப் புகை கொட்டகையை மூடியது. "இப்பத் தொற!" என்று வெர்லின் கத்த, டுவேன் ஓடிப்போய்க் குழாயைத் திறந்தான். அணைக்கும்போது தண்ணீரைத்தான் முதலில் மூட வேண்டும் என்பதையும் அவன் வாயாலேயே மூன்று முறை சொல்ல வைத்தார்.

மறுநாள் கார்லீன் ஏரியைச் சுற்றினாள். அவள் போட்ட கூச்சல் கரை வரை கேட்டது. பின்னாலேயே நீலப்புகை நீண்டது. வெர்லின் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படகுத்துறையில் நின்றார்.

டுவேன் பக்கத்தில் வந்து ஒரு கேக் துண்டை நீட்டினான். நகக்கண்ணில் இன்னும் கறுப்பு. அவன் முகத்தில், திட்டு விழப் போகிறது என்ற எதிர்பார்ப்பு.

வெர்லின் துண்டை வாங்கினார். டுவேனின் விரல் பட்ட ஓரத்தைப் பிய்த்து வாத்துகளுக்கு எறிந்தார். மிச்சத்தைத் தின்றார்.